வேலியே பயிரை மேய்ந்தால்? வானொலியின் வடிகட்டியும் அதன் சுவிட்சும்

நல்ல விலை கொடுத்து வாங்கிய சிற்றலை வானொலி ஒன்றின் முன் உட்கார்ந்து, 3 மெகாஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாகக் குமிழைத் திருகிக்கொண்டே போனால், சில பெட்டிகளில் நடுநடுவே உள்ளிருந்து ‘டிக்’, ‘டிக்’ என்று ஓர் ஓசை வரும். புதிதாகக் கேட்பவர்கள் ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். என் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், “கம்ப்யூட்டர் மாதிரி வேலை செய்கிற பெட்டி என்கிறீர்கள். உள்ளே பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி அல்லவா சத்தம் கேட்கிறது?” என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த ஓசை ‘ரிலே’ எனப்படும் மின்காந்தச் சுவிட்சின் ஓசை. டிரான்சிஸ்டரும் ‘சிப்’பும் மலிந்துவிட்ட இக்காலத்தில், இரும்புத் துண்டு ஒன்று ஆடி அசைந்து தொடுகிற சுவிட்சை ஏன் இன்னமும் விலை உயர்ந்த பெட்டிகளில் வைக்கிறார்கள்? அசையும் பாகம் எதுவுமே இல்லாத டையோடு சுவிட்ச் இருக்கும்போது இது எதற்கு?

தமிழகத்தை விட்டு வெளியூரில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியில் ஒரு சொந்தமும் உண்டு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை, 1941-இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை வானொலியில் ஒலித்த பி.பி.சி. தமிழோசை ஆகியவற்றுக்காக மாலை வேளையில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த நாட்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குரல் ஏறுவதும் இறங்குவதும், இடியோசை கரகரப்பதும் வானத்தின் வேலை. ஆனால் செய்தி வாசிப்பவரின் குரலோடு புரியாத மொழிப் பாட்டு ஒன்று கலந்து வருமே, அது எல்லாச் சமயமும் வானத்தின் குற்றமல்ல. சில சமயம் அந்தப் பாட்டு பெட்டிக்குள்ளேயே பிறந்தது. அது எப்படி என்று பார்ப்போம்.

வடிகட்டி எதற்கு?

ஏரியல் கம்பிக்கு நல்லது கெட்டது தெரியாது. காற்றில் வரும் எல்லா அலைகளையும் அது பிடித்துப் பெட்டிக்குள் தள்ளிவிடும். நாம் கேட்க விரும்புவது ஒரு மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அளவுள்ள மெல்லிய அலையாக இருக்கலாம். அதே கம்பியில் ஒரு பெரிய ஒலிபரப்பு நிலையத்தின் அலை 10 மில்லிவோல்ட் அளவில் வந்துகொண்டிருக்கும். மின்னழுத்தத்தில் இது பத்தாயிரம் மடங்கு. திறனில் பத்துக் கோடி மடங்கு.

இந்தக் கூட்டத்தைப் பெட்டியின் வாசலிலேயே ஓரளவு குறைப்பதுதான் முன்வடிகட்டியின் வேலை. கம்பிச்சுருள்களும் மின்தேக்கிகளும் சேர்ந்த இந்த அமைப்பு, குறிப்பிட்ட அதிர்வெண் பகுதியை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும். காபி வடிகட்டியில் டிகாக்‌ஷன் இறங்கித் தூள் மேலே தங்குவது போல என்று வைத்துக்கொள்ளலாம். சிற்றலை முழுவதற்கும் ஒரே வடிகட்டி போதாது. ஆறு முதல் பத்து வரை வடிகட்டிகளை வரிசையாக வைத்து, நாம் திருகும் இடத்துக்கு ஏற்றதை மட்டும் இணைக்க வேண்டும். ஒவ்வொரு வடிகட்டிக்கும் உள்வாசலில் ஒரு சுவிட்ச், வெளிவாசலில் ஒரு சுவிட்ச் தேவை.

பழைய வால்வு ரேடியோக்களில் இந்த வேலையை நம் கையே செய்தது. மத்திய அலை, சிற்றலை 1, சிற்றலை 2 என்று திருகும் பாண்ட் சுவிட்சோ, ‘டக்’கென்று அமுக்கும் பியானோ சாவியோ இருந்தது. உள்ளே உலோகம் உலோகத்தைத் தொட்டது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து அதிர்வெண்ணை எண்களில் காட்டி, மைக்ரோபிராசசரால் இயங்கும் பெட்டிகள் வரத் தொடங்கின. கை திருகும் நீண்ட தண்டுக்கு அங்கே வேலையில்லை. மின்சாரக் கட்டளைக்குக் கீழ்ப்படியும் சுவிட்ச் வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ரிலே, மற்றொன்று டையோடு.

டையோடு எப்படிச் சுவிட்சாகிறது?

டையோடு என்பது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு குறைகடத்தி. ஒரு திசையில் மட்டும் விடுவது, இரு திசையிலும் ஆடுகிற வானொலி அலையை எப்படிக் கடத்தும்? அதற்கு ஒரு தந்திரம் உண்டு. டையோடு வழியே முதலில் 10 மில்லிஆம்பியர் போன்ற சீரான நேர்மின்னோட்டத்தை ஓடவிடுவார்கள். வானொலி அலை அதன் மேல் ஏறிச் சிறிது கூட்டியும் குறைத்தும் ஆடும். மொத்த ஓட்டம் எப்போதும் ஒரே திசையில்தான் இருப்பதால் கதவு திறந்தே இருக்கும். நேர்மின்னோட்டத்தை நிறுத்தி எதிர்த்திசையில் சில வோல்ட் கொடுத்தால் கதவு மூடிக்கொள்ளும்.

இதற்கு இடம் மிகக் குறைவு, விலை சொற்பம், ஓசை இல்லை, தேய்மானம் இல்லை. திறந்து மூட மைக்ரோவிநாடிகள் போதும். எனவே எண்ணற்ற பெட்டிகளில் டையோடு சுவிட்ச் இடம்பிடித்ததில் வியப்பில்லை.

கோளாறு இனிமேல்தான். சாதாரண டையோடில் அலைக்குக் கிடைக்கும் மின்தடை, அதில் ஓடும் நேர்மின்னோட்டத்தைப் பொறுத்தது. 1 மில்லிஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 26 ஓம். 10 மில்லிஆம்பியர் ஓடினால் 2.6 ஓம். ஓட்டம் மாறினால் தடை மாறும். வானொலி அலை என்பதே ஓட்டத்தை மாற்றுகிற ஆட்டம்தானே? மெல்லிய அலை ஆடினால் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. வலுத்த அலை ஆடும்போது, தான் கடக்கும் கதவின் தடையைத் தானே ஏற்றி இறக்குகிறது. அதே கதவின் வழியே போகும் மற்ற அலைகளும் அந்த ஆட்டத்துக்கு ஆளாகின்றன. இரண்டு வலுத்த அலைகள் சேர்ந்தால் அங்கே புதிய அலைகள் பிறக்கின்றன.

மூடிய டையோடுகளும் சும்மா இருப்பதில்லை. எட்டு வடிகட்டிகள் உள்ள பெட்டியில் ஒன்று திறந்திருக்கும்போது மற்ற ஏழின் மூடிய டையோடுகளும் அதே ஏரியல் கம்பியில்தான் தொங்குகின்றன. மூடிய டையோடு ஒரு சிறு மின்தேக்கி போல நடந்துகொள்ளும். அதன் அளவும் மின்னழுத்தத்தோடு மாறும். எதிர்த்திசை அழுத்தம் போதுமான அளவு கொடுக்காவிட்டால் வலுத்த அலையின் உச்சத்தில் அது கொஞ்சம் திறந்தும் கொள்ளும்.

இல்லாத நிலையம்

பிறக்கும் அலைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. 7,250 கிலோஹெர்ட்ஸிலும் 7,360 கிலோஹெர்ட்ஸிலும் இரண்டு வலுத்த நிலையங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் 7,140. அந்த இடத்தில் உலகில் எந்த நிலையமும் ஒலிபரப்பாவிட்டாலும், உங்கள் பெட்டியில் மட்டும் இரண்டின் பேச்சும் குழம்பிய ஒரு பொய் நிலையம் கேட்கும். இதை மூன்றாம் படிக் கலப்பு என்பார்கள்.

இரண்டாம் படிக் கலப்பு இன்னும் எளிது. 6,000 கிலோஹெர்ட்ஸையும் 9,600 கிலோஹெர்ட்ஸையும் கூட்டினால் 15,600. நாம் 15 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு மெல்லிய நிலையத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கான வடிகட்டி 6,000-ஐயும் 9,600-ஐயும் நன்றாகவே தடுக்கும். ஆனால் வடிகட்டியின் உள்வாசல் சுவிட்ச் எங்கே இருக்கிறது? வடிகட்டிக்கு முன்னால். எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், ஏரியலில் வரும் அத்தனையையும் அதுதான் முதலில் சந்திக்கிறது. இரண்டு அலைகளும் அந்தச் சுவிட்சிலேயே கலந்து 15,600-ஆகிவிட்டால், பிறகு வடிகட்டியால் என்ன செய்ய முடியும்? ‘இது என் பகுதி அலைதானே’ என்று மரியாதையாக உள்ளே அனுப்பிவிடும். காவலுக்கு வைத்த வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

இங்கே ஒரு பயனுள்ள குணம் உண்டு. ஏரியலில் வரும் எல்லா அலைகளின் திறனையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், உண்மையான நிலையமும் பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். இரண்டாம் படிப் பொய் நிலையம் நூறில் ஒரு பங்காகும். மூன்றாம் படிப் பொய் நிலையம் ஆயிரத்தில் ஒரு பங்காகும். பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் உரைகல் இது. வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தொட்டியும் தம்ளரும்

டையோடு செய்பவர்கள் இதை அறியாதவர்களல்ல. இதற்கென்றே ‘பின் டையோடு’ என்ற வகை உண்டு. சாதாரண டையோடில் ‘பி’ அடுக்கும் ‘என்’ அடுக்கும் ஒட்டியிருக்கும். பின் டையோடில் இரண்டுக்கும் நடுவே கலப்பில்லாத தூய அடுக்கு ஒன்று உண்டு. நேர்மின்னோட்டம் ஓடும்போது இந்த நடு அடுக்கில் மின்னூட்டம் தேங்கி நிற்கும். தேங்கிய மின்னூட்டம் கரைய ஆகும் நேரமே அந்த டையோடின் தரத்தைச் சொல்லும்.

அடுக்குமாடி வீட்டின் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு சொம்பு எடுத்தாலும் ஊற்றினாலும் நீர்மட்டம் அசையாது. ஒரு தம்ளரில் அதே சொம்பை வைத்துக்கொண்டு எடுக்கவும் ஊற்றவும் முயன்றால் மட்டம் தலைகீழாக ஆடும். நடு அடுக்கில் தேங்கிய மின்னூட்டம் தொட்டி நீர். வானொலி அலை சொம்பு.

எண்களிலும் பார்த்துவிடலாம். 10 மில்லிஆம்பியர் ஓடும் பின் டையோடில் கரையும் நேரம் 5 மைக்ரோவிநாடி என்றால், தேங்கும் மின்னூட்டம் 50 நானோகூலும். கரையும் நேரம் 5 நானோவிநாடியே உள்ள அதிவேக டையோடில் தேங்குவது 0.05 நானோகூலும்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு! 1 மெகாஹெர்ட்ஸில் 10 மில்லிஆம்பியர் உச்சமுள்ள அலை அரைச் சுற்றில் எடுத்துப் போடும் மின்னூட்டம் சுமார் 3 நானோகூலும். முன்னதுக்கு இது ஒரு சொம்பு, பின்னதுக்கு வெள்ளம்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. அதிர்வெண் குறையக் குறைய அரைச் சுற்று நீளமாகும், சொம்பு பெரிதாகும். ஆகவே 100 மெகாஹெர்ட்ஸில் உத்தமமாக இருக்கும் சிறிய பின் டையோடு, மத்திய அலையில் சாதாரண டையோடு போலவே தொல்லை தரலாம். சிற்றலையின் கீழ்ப்பகுதிக்கும் மத்திய அலைக்கும் கரையும் நேரம் நீண்ட வகையே வேண்டும். வீட்டில் வானொலி கட்டுபவர்கள் இதற்கு ஒரு மலிவு வழி வைத்திருக்கிறார்கள். மின்வழங்கிகளில் போடும் 1என்4007 என்ற ஆயிரம் வோல்ட் டையோடின் உள்ளமைப்பு பின் டையோடைப் போன்றது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் அதையே சுவிட்சாகப் போட்டுவிடுவார்கள்.

டையோடு தவிர மின்புல டிரான்சிஸ்டர்களால் ஆன சுவிட்ச் சிப்புகளும் உண்டு. இவற்றுள் இப்போது வரும் சில, கலப்பு விஷயத்தில் மிகச் சிறந்தவை. ஆனால் அதிர்வெண் இறங்கும்போது தாங்கும் திறன் குறையும் வகைகளும் உண்டு. எனவே தகவல் தாளைப் படிக்காமல் போடக் கூடாது.

ரிலேயின் பலம்

ரிலே மிகப் பழைய கருவி. 1835-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி இதன் மூல வடிவத்தைச் செய்துகாட்டினார். தந்திக் கம்பிகளிலும், பின்னர் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளிலும் இது உலகமெங்கும் உழைத்தது. 1936-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் எல்வுட், கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த ‘ரீட்’ சுவிட்சை உருவாக்கினார். அதை வைத்துச் செய்ததே ரீட் ரிலே.

தத்துவம் எளிது. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகும். காந்தம் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு அசைந்து தொடுமுனைகளைச் சேர்க்கும். அவ்வளவுதான். அலை போகும் பாதையில் குறைகடத்தி எதுவுமில்லை. உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. சுத்தமான தொடுமுனையின் தடை 0.1 ஓமுக்கும் குறைவு. ஒரு மைக்ரோவோல்ட் போனாலும் அதே தடை, ஒரு வோல்ட் போனாலும் அதே தடை. அலையின் வலு கதவை ஆட்டுவதில்லை. ஆகவே கலப்பும் இல்லை என்றே சொல்லிவிடலாம். திறந்திருக்கும்போது நடுவே இருப்பது காற்று இடைவெளி. அதுவும் மின்னழுத்தத்தால் மாறாது.

இன்னொரு நன்மை, தாங்கும் சக்தி. கோடை இடி மழைக்கு முன் நீண்ட ஏரியலில் நிலைமின்னூட்டம் ஏறி நிற்கும். டையோடும் சிப்பும் அதில் சுலபமாகக் கருகிவிடும். ரிலே பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். (அதற்காக இடி மின்னலின்போது ஏரியலைக் கழற்றாமல் விட்டுவிடாதீர்கள். நேரடி மின்னலுக்கு எந்தச் சுவிட்சும் ஈடு கொடுக்காது.)

ரிலேயின் பலவீனம்

குறைகளும் உண்டு. ரிலே தொடுவதற்குச் சில மில்லிவிநாடிகள் ஆகும். டையோடோடு ஒப்பிட்டால் ஆமை. தொட்டவுடன் தகடு இரண்டு மூன்று முறை துள்ளிப் பிறகே நிலைகொள்ளும். சுருளுக்கு விடாமல் மின்சாரம் வேண்டும். சிறு ரிலேக்கே 12 வோல்ட்டில் 12 மில்லிஆம்பியர் போல ஆகும், பெரியவற்றுக்கு 30 அல்லது 40. பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு இது சுமை. இதற்கு மாற்று, ஒரு தட்டுத் தட்டினால் அந்த நிலையிலேயே நின்றுகொள்ளும் ‘லாட்சிங்’ ரிலே. 1999-இல் வந்த எலிகிராஃப்ட் கே2 என்ற அமெரிக்க அமெச்சூர் வானொலிக் கிட்டில் வடிகட்டிகளுக்கு இவ்வகை ரிலேக்களையே வைத்தார்கள். மாற்றும் கணத்தில் மட்டும் மின்சாரம் செலவாகும்.

மிகவும் ஏமாற்றுகிற குறை வேறு. வீட்டு விளக்குச் சுவிட்சில் ஒவ்வொரு முறையும் சிறு தீப்பொறி தெறித்துத் தொடுமுனையைச் சுத்தம் செய்துவிடும். வானொலி வடிகட்டியில் போவதோ மைக்ரோவோல்ட். அங்கே பொறிக்கு வழியில்லை. ஈரக் காற்றிலும் கந்தகப் புகையிலும் வெள்ளி முனைமேல் மெல்லிய படலம் படர்ந்தால், மெல்லிய அலையால் அதைத் துளைக்க முடியாது. பெட்டி நாளுக்கு நாள் செவிடாகும். மேலே ஒரு தட்டு தட்டினால் காது கேட்கும்.

அதைவிட மோசம், அந்தப் படலமே குறைகடத்தி ஆகிவிடுவது. உலோகமும் கனிமமும் தொடும் இடம் ஒருவழிப் பாதை போல நடந்துகொள்ளும் என்பது பழைய செய்தி. கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கலீனா படிகத்தைக் கொண்டு அலையை உணரும் கருவி செய்து 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது இந்தக் குணத்தை வைத்துத்தான். போஸ் வேண்டிச் செய்ததை நம் ரிலே வேண்டாமல் செய்யும். அழுக்கேறிய தொடுமுனையில் பொய் நிலையங்கள் திரும்பவும் பிறக்கும். எனவே ரிலேயின் பெருமை அதன் சுத்தத்தில் இருக்கிறது. மோட்டாருக்குப் போடும் ரிலேயை வானொலியில் போடுவது தவறு. மெல்லிய அலைக்கென்றே தங்கமுலாம் பூசி, காற்றுப் புகாமல் அடைத்த சிறு ரிலேதான் வேண்டும்.

நான் பட்ட பாடு

மும்பையில் குடியிருந்தபோது அமெச்சூர் உரிமம் பெற்று, சொந்தமாக ஒரு பெட்டி கட்டினேன். கோவையில் இருக்கும் என் பள்ளித் தோழரும் உரிமம் பெற்றவர். மாலை ஆறரை மணிக்கு 7 மெகாஹெர்ட்ஸில் தமிழில் நாலு வார்த்தை பேசிக்கொள்வது எங்கள் வழக்கம். மொட்டை மாடியில் 20 மீட்டர் கம்பி, மூன்று வடிகட்டிகள், சாதாரண அதிவேக டையோடுகள். பேட்டரியை மிச்சப்படுத்த டையோடுக்கு 2 மில்லிஆம்பியர்தான் கொடுத்தேன். மூடிய டையோடுக்கு எதிரழுத்தமே கொடுக்கவில்லை.

பகலில் பெட்டி அருமையாக வேலை செய்தது. பொழுது சாய்ந்தால் 7,140 பக்கம் ஒரு வெளிநாட்டு ஒலிபரப்பு வந்து தோழரின் குரலை அமுக்கிவிடும். 7,100 முதல் 7,200 வரை உள்ள பகுதியை ஒலிபரப்பு நிலையங்கள் 2009 மார்ச் 29-ஆம் தேதி காலி செய்துவிட்டன. விதியை மீறி யாரோ ஒலிபரப்புகிறார்கள் என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கேட்டால், “இங்கே சுத்தமாக இருக்கிறதே” என்றார் அவர். ஏரியல் வாசலில் 10 டெசிபல் குறைப்பான் ஒன்றை மாட்டினேன். அதாவது எல்லாவற்றின் திறனும் பத்தில் ஒரு பங்கு. தோழரின் குரல் கொஞ்சம் இறங்கியது. அந்நிய நிலையம் அடியோடு மறைந்தது. விதியை மீறியது யாருமில்லை, என் பெட்டியேதான்.

டையோடின் ஓட்டத்தை 10 மில்லிஆம்பியர் ஆக்கி, மூடியவற்றுக்கு எதிரழுத்தம் கொடுத்தேன். பாதிக்கு மேல் குறைந்தது. 1என்4007 போட்டேன். மேலும் குறைந்தது. கடைசியில் ஆறு ரிலேக்களை வைத்ததும் அந்த இடம் அமைதியானது. வெற்றி என்று இருந்துவிட்டேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. பெட்டி செவிடாகத் தொடங்கியது. நான் போட்டவை பழைய சாமான் கடையில் வாங்கிய, மூடியில்லாத ரிலேக்கள். கடற்காற்று தன் வேலையைக் காட்டிவிட்டது. தங்கமுலாம் பூசி அடைத்த ரிலேக்களை வாங்கி மாற்றிய பிறகே நிம்மதி. மிச்சம் பிடித்த காசைப் போல இரு மடங்கு செலவானது.

எதற்கு எது?

ஆகவே பழையது நல்லது, புதியது கெட்டது என்றோ, அதற்கு நேர்மாறாகவோ சொல்ல இடமில்லை. பையில் எடுத்துச் செல்லும் சிறு வானொலிக்கு ஒரு முழக் கம்பிதான் ஏரியல். வலுத்த அலை அதில் ஏறுவதே அரிது. அங்கே டையோடு போதும், பேட்டரியும் மிஞ்சும். நொடிக்குப் பலமுறை அலைவரிசை மாற வேண்டிய கருவிகளுக்கும் குறைகடத்திச் சுவிட்ச்தான் வழி. ரிலே அந்த வேகத்தில் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும். மொட்டை மாடியில் நீண்ட கம்பி, பக்கத்தில் வலுத்த நிலையம், தேடுவதோ மெல்லிய குரல் என்றால் ரிலேயே மேல். சொந்த உபயோகத்தில் ஒரு நாளைக்கு நூறு முறை மாற்றினாலும் பத்து லட்சம் முறையை எட்ட 27 ஆண்டுகள் ஆகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. சுவிட்சை மட்டும் உயர்ந்ததாகப் போட்டு, அதன் பின்னால் உள்ள கலப்பிச் சுற்று சுமாராக இருந்தால் பொய் நிலையம் அங்கே பிறக்கும். ஏரியல் அலையை நேரடியாக எண்களாக்கும் இக்காலக் கணினி வானொலிகளிலும், அந்த எண்ணாக்கிச் சிப்பைக் காப்பாற்ற முன்வடிகட்டி வேண்டியிருக்கிறது. அதை மாற்ற ரிலேயின் ‘டிக்’ இன்னும் பலவற்றில் கேட்கிறது. சுவிட்சே வேண்டாம் என்றால் ஒரே அலைவரிசைப் பகுதிக்கான பெட்டி கட்டலாம். 2003 வாக்கில் ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் மலிவான சாமான்களில் வடிவமைத்து உலகெங்கும் பலரும் கட்டிப் பார்த்த பிட்எக்ஸ்20 அப்படிப்பட்டது. 14 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு மட்டுமே என்பதால் வடிகட்டியை மாற்றும் பேச்சே அதில் இல்லை.

வீட்டில் சோதித்துப் பார்க்க

வேண்டாத நிலையம் ஒன்று கலந்து கேட்டால் பெட்டியில் ‘லோக்கல் – டிஎக்ஸ்’ என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ‘லோக்கல்’ பக்கம் தள்ளினால் ஏரியல் அலை குறையும். அச்சுவிட்ச் இல்லாவிட்டால் நீட்டிய ஏரியலைப் பாதியாக மடக்குங்கள். தொல்லை தந்த நிலையம் மற்றதைவிடப் பலமடங்கு வேகமாக மங்கினால் அது பொய் நிலையம். உங்கள் பெட்டியில் பிறந்தது. இரண்டும் ஒன்றுபோல மங்கினால் அது உண்மையாகவே வானத்தில் இருக்கிறது. நீண்ட கம்பி கட்டினால் நன்றாகக் கேட்கும் என்று கட்டி, முன்னைவிட மோசமாகக் கேட்டு வருந்தியவர்களுக்கும் விடை இதுதான்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று தோன்றலாம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அமெச்சூர் வானொலிப் பணிக்காக அம்மாதம் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினர் சிற்றலையில் செய்திகளை அனுப்பி, தவித்துக்கொண்டிருந்த உறவினர்களுக்கு உதவினார்கள். அந்தத் தீவுகளில் தமிழ்க் குடும்பங்களும் நிறைய உண்டு. அப்படிப்பட்ட வேளையில் ஒரு பெயரும் ஊரும் மெல்லிய குரலில் வந்துகொண்டிருக்கும்போது, கேட்பவரின் பெட்டி தானாகவே ஒரு பாட்டை உற்பத்தி செய்து அதன் மேல் போட்டுவிட்டால் என்னாகும்? கேட்கும் பெட்டி முதலில் தான் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

என் உறவினருக்கும் இதையே சொன்னேன். கொஞ்ச நேரம் குமிழைத் திருகிக்கொண்டிருந்தவர், “அப்படியானால் சத்தம் வருகிற வரைக்கும் நல்லது என்கிறீர்கள்” என்றார். ஆமாம், தொடுமுனை சுத்தமாக இருக்கிற வரைக்கும்.